பொடியனோடு ஏற்காட்டில் ஈஸ்டர்

பெரிய வெள்ளி, சனி, ஈஸ்டர் ஞாயிறு என்று சேர்ந்து வரும் விடுமுறையில் ஏற்காடு போகலாம் என்று தோழி சொன்னபோது, எங்கள் வீட்டில் தயங்கியது அத்தைதான். புனித வாரத்தில் ஊர் சுற்றுவதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேறு எந்த விடுமுறை எப்படிப் போனாலும் இந்த நாட்களில் எங்கள் கத்தோலிக்கக் குடும்பம் மாதா கோயிலை விட்டு விலகியதில்லை. இன்னொரு பக்கம், தோழி குடும்பம் பெங்களூரில் இருக்கிறது. கல்லூரியில் இருந்து வரும் பழக்கம். இரண்டு வீட்டுக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது அபூர்வம். அவளுக்கும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அவளுடைய பாட்டி ஏற்காட்டுச் சேர்வராயன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டதை இன்னும் செலுத்தவில்லை.

அதனால் ஒரு முடிவுக்கு வந்தோம். கோயில் நேரங்களை முதலில் எழுதினோம். அதற்கு அடுத்து எங்கள் பொடியன் தூங்கும் நேரம். அவனுக்கு இரண்டரை வயது, மதியத் தூக்கம் தவறினால் மாலை முழுக்க அழுகைதான். இந்த இரண்டும் போக மிச்சம் இருக்கும் நேரத்தில்தான் ஏரி, லேடீஸ் சீட் காட்சி முனை, பஜ்ஜிக் கடை எல்லாம். வழக்கமாகப் பார்க்கும் இடங்களை முதலில் எழுதிவிட்டு, பூசையையும் குழந்தையையும் இடுக்கில் செருகுவோம். இந்த முறை அதைத் திருப்பிப் போட்டோம். இதை எழுதுவதே அந்த வரிசையைச் சொல்லத்தான்.

முதலில் தேதி. ஈஸ்டர் ஆண்டுதோறும் மாறும். மார்ச் 21 அன்றோ அதன் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர், ஆகவே மார்ச் 22-லிருந்து ஏப்ரல் 25-க்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். பௌர்ணமிக் கணக்கு என்பதால் பல ஆண்டுகளில் பங்குனி உத்திரமும் அதே வாரத்தில் வந்து நிற்கும். சேலத்தில் வெயில் கொளுத்தத் தொடங்கும் நாட்கள் வேறு. கீழே இருப்பவர்கள் எல்லோரும் மலையைத்தான் பார்ப்பார்கள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்றே அறை பிடித்துவிட்டால் நிம்மதி.

அறை பிடிக்கும்போது வாடகையைத் தாண்டிச் சில கேள்விகள் கேட்க வேண்டும். வெந்நீர் எத்தனை மணி வரை வரும், பால் காய்ச்ச அடுப்பு உண்டா, பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு. கடைசிக் கேள்விக்குப் போனில் சரியான பதில் கிடைக்காது, போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். குழந்தையின் தலை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் அந்த அறை வேண்டாம். நாங்கள் தரைத்தளத்தில் சமையலறையோடு கூடிய எஸ்டேட் வீடு ஒன்றை எடுத்தோம். கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போட்டு, மறுபக்கம் தரையில் ஜமுக்காளத்தை மடித்து விரித்துவிட்டால் இரவு பயமில்லாமல் தூங்கலாம்.

வியாழன் மாலைப் பூசை சேலத்தில். வெள்ளி காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருந்தோம். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறோம், வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். விடுமுறை நாளில் பத்து மணிக்கு மேல் ஏறினால் வண்டி வரிசையில் நின்று நின்றுதான் போக வேண்டியிருக்கும். நின்று நின்று போகும் வண்டியில்தான் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள்.

ஒரு வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் மலைப் பயணம் ஒன்றும் செய்யாது. இரண்டு வயதைத் தாண்டினால்தான் தலைசுற்றல் தொடங்கும். அதனால் "போன வருஷம் நன்றாகத்தானே வந்தான்" என்ற தைரியம் உதவாது. கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பாதி இட்லியோடு நிறுத்திவிட்டேன். பால் கொடுக்கவில்லை. வெளியே தூரத்தில் தெரியும் மரத்தைப் பார்க்கிற மாதிரி உட்கார வைத்தேன். கையில் போன் கொடுக்கவே இல்லை. காது அடைத்தால் விழுங்கினால் சரியாகும் என்பதால் அவ்வப்போது ஒரு வாய் தண்ணீர். வாந்திக்கு மருந்து தர நினைப்பவர்கள் குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டே தர வேண்டும், பெரியவர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுப்பது ஆபத்து.

ஒவ்வொரு வளைவிலும் எண் பலகை இருக்கிறது. தோழியின் மகளுக்கு ஒன்பது வயது, அவள் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள். பொடியனும் கூடவே எண்ணினான். "ஒண்ணு, ரெண்டு, பத்து, முடிஞ்சு!" முடியவில்லை என்று தெரிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. அப்படியே மேலே போய்ச் சேர்ந்தோம், யாருக்கும் வாந்தி இல்லை.

குரங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. வளைவுகளில் வண்டியை நிறுத்திப் பொரி, பிஸ்கட் போடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். கையில் பாக்கெட்டோடு நிற்கும் சின்னப் பிள்ளையைப் பார்த்ததும் பறிக்க வருவது, நாம் பழக்கிவிட்டதால்தான். பிள்ளையின் கையில் தின்பண்டம் இருக்கும்போது கண்ணாடியை இறக்கவே கூடாது. குப்பைத் தொட்டியையும் அவை கிளறும், அதனால் பயன்படுத்திய டயப்பரை மலையில் எறியாமல் உறையில் கட்டிக் கீழே கொண்டு வந்துவிடுவது நல்லது.

வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டைப் பற்றித் தோழியோடு முன்பே பேசியிருந்தேன். எங்களுக்கு அது ஒருசந்தி நாள். 18 வயது முதல் 59 வரை உள்ளவர்கள் ஒருவேளைதான் முழுச் சாப்பாடு சாப்பிடுவோம். 14 வயதுக்கு மேல் எல்லோருக்கும் சுத்தபோசனம், அதாவது இறைச்சி கிடையாது. பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை, நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விலக்கு உண்டு. "உங்க வீட்டுக்கு வேணும்கிறதை நான் சமைச்சுத் தர்றேன், பிள்ளைங்க பட்டினி கிடக்க வேண்டாம்" என்று சொன்னேன். அவளுக்கு விரதம் புதிதில்லை. "நானும் ஒருவேளைதான், எனக்கும் சேர்த்துக் கஞ்சி வை" என்றாள். பச்சைப்பயறு போட்ட கஞ்சி, தேங்காய்த் துவையல், சுட்ட அப்பளம். பிள்ளைகளுக்குத் தனியாகச் சாதமும் ரசமும். தோழியின் கணவர் மட்டும் கஞ்சியை மூன்று முறை வாங்கிக் குடித்தார். அவருக்கு மாத்திரை சாப்பிட வேண்டியிருந்தது, அதுவும் சரிதான்.

மதியம் வழிபாடு நீளமானது. இயேசுவின் பாடுகளின் வாசகம், மன்றாட்டுகள், திருச்சிலுவை ஆராதனை. என்ன நடக்கும், எவ்வளவு நேரம் ஆகும், எதில் அவர்கள் கலந்துகொள்ள வேண்டியதில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட்டேன். வேற்று மதத்து நண்பர்களோடு போகிறவர்கள் இதைச் செய்தே ஆக வேண்டும். நற்கருணைக்கு, அதாவது ஃபாதர் தரும் அப்பத்தை வாங்க, எல்லோரும் எழுந்து போகும்போது தாங்களும் போகலாமா, கூடாதா என்று தெரியாமல் நெளிவதை விடச் சங்கடம் வேறில்லை. "அப்போ நீங்க உட்கார்ந்துக்கலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்று முன்பே சொன்னதில் அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

பொடியனைத் தூங்க வைத்து, எழுந்து, வயிறு நிறைந்த பிறகே கோயிலுக்குள் கொண்டு போனேன். பாதி வழிபாட்டை இவர் வாசலில் அவனோடு நின்று கேட்டார், மீதியை நான். சிலுவையை முத்தி செய்யும் நேரம் வந்ததும் வரிசையில் தூக்கிக்கொண்டு நின்றேன். பாடுபட்ட சுரூபத்தைப் படியருகே தாழ்வாக வைத்திருந்தார்கள். நான் குனிந்து முத்தி செய்துவிட்டு அவனை இறக்கினேன். அவன் முத்தமிடவில்லை. முழங்காலில் சிவப்பாகத் தீட்டியிருந்த காயத்தை விரலால் தொட்டான். "புண்ணு" என்றான். பிறகு கன்னம் உப்ப "ஊ... ஊ..." என்று ஊதினான். அவன் விழுந்து அடிபட்டால் நாங்கள் ஊதுவது அப்படித்தான். ஊதி முடித்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஃபாதரைப் பார்த்து, கோயில் முழுக்கக் கேட்கிற குரலில், "மருந்து போடலயா?" என்றான். பின்னால் நின்ற பாட்டிமார் சிரித்தார்கள். அத்தை மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புனித வாரத்தில் ஊர் சுற்றுவதா என்ற கேள்வி அதற்குப் பிறகு எழவில்லை.

சனிக்கிழமை பகலில் எங்களுக்குப் பூசை கிடையாது. பீடம் வெறுமையாக இருக்கும், நற்கருணைப் பேழை திறந்து கிடக்கும். அதனால் காலையைத் தோழி வீட்டு வேண்டுதலுக்குக் கொடுத்தோம். அவர்கள் கோயிலுக்குப் போகும் நாள் என்பதால் அன்றும் வீட்டில் கறி வாசனை இல்லை.

சேர்வராயன் கோயில் ஏற்காட்டின் உச்சியில், 1,623 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்களும், அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளும், கீழே காபிச் செடிகளும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டு வந்த காபி, இன்று மலையே அதுதான். முந்தின வாரம் மழை பெய்திருந்ததால் செடிகள் பூத்திருந்தன. கிளை முழுக்க வெள்ளைச் சரம், மல்லிகை மாதிரி வாசம். சில நாள்தான் நிற்கும். கோடை மழைக்குப் பின் ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் போக முடிந்தால் இதைப் பார்க்கலாம்.

உச்சியில் காற்று பலமாக இருக்கும். ஏப்ரல்தானே என்று எண்ணாமல் குழந்தைக்குக் காதை மூடும் குல்லா வைத்துக்கொள்ளுங்கள். கோயில் ஒரு குகை. சேர்வராயனும் காவேரி அம்மனும் உள்ளே இருக்கிறார்கள், பெரியவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். பொடியன் குனியத் தேவையில்லாமல் எங்களுக்கு முன்னால் நடந்து போனான். உள்ளே மங்கலான விளக்கு. சுற்றிலும் பார்த்துவிட்டு எங்களைத் திரும்பி "ஷ்ஷ்ஷ்" என்றான். "சாமி தூங்குது!" பூசாரி மணியடிக்கக் கை தூக்கியபோது அவருக்கும் ஒரு "ஷ்ஷ்ஷ்". அவர் மணியை அப்படியே பிடித்துக்கொண்டு, "சரிங்க சாமி, மெதுவா அடிக்கிறேன்" என்று இரண்டே முறை லேசாக ஆட்டினார். அந்த மனிதரின் பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நானும் இவரும் உள்ளே போய்க் கைகூப்பி நின்றோம், தோழியின் பாட்டிக்காக என் முறையில் வேண்டிக்கொண்டேன். அத்தை வரவில்லை. வெளியே பாறையில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார். யாரும் வற்புறுத்தவில்லை. அவர் பிரசாதம் வாங்கத் தயங்குவார் என்று தோழிக்குத் தெரியும். அதனால் தேங்காயையும் பழத்தையும் தன் பையில் வைத்துவிட்டு, வாசல் கடையில் தனியாக வாங்கிய பொரியை, "அம்மா, இது கடையில வாங்கினது, சாப்பிடுங்க" என்று நீட்டினாள். மற்றவர் நம்பிக்கையை மதிப்பது பற்றி எவ்வளவோ பேசுகிறோம். அந்தப் பொரிப் பொட்டலத்தில் இருந்த கவனம் எனக்கு அதிகமாகத் தெரிகிறது. அத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தோழியின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்.

மதியம் ஏரி. இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் எல்லா இடத்துக்கும் எல்லோரும் போயே ஆக வேண்டும் என்ற நினைப்பை விட்டுவிடலாம். ஆண்கள் இருவரும் பெரிய பிள்ளைகளைப் படகுக்கு அழைத்துப் போனார்கள். நானும் பொடியனும் தூங்கினோம். தோழியும் அத்தையும் திண்ணையில் உட்கார்ந்து கதை பேசினார்கள். படகில் ஏறுபவர்கள், பிள்ளையின் அளவுக்கு உயிர்காப்பு உடை இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டினாலும் சின்னப் பிள்ளை அதிலிருந்து நழுவிவிடும். சரியான அளவு இல்லையென்றால் கரையில் நின்று மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

இரவுதான் பாஸ்கா திருவிழிப்பு. நள்ளிரவை ஒட்டி நடக்கும், ஆண்டிலேயே நீளமான வழிபாடு. இதற்குச் சின்னக் குழந்தையை எப்படித் தயார் செய்வது என்று பல தாய்மார் கேட்பார்கள். விழிக்க வைக்க முயல வேண்டாம் என்பதுதான் என் பதில். வழக்கம்போல ஏழரைக்கே சாதம் ஊட்டித் தூங்க வைத்தோம். தூக்கத்திலேயே ஸ்வெட்டர் போட்டு, போர்வையில் சுற்றித் தூக்கிப் போய், கோயிலின் பின்பக்க ஓரத்தில் பாய் விரித்துக் கிடத்தினோம். வாசலுக்கு அருகில் இடம் பிடிப்பது முக்கியம், அழுதால் சட்டென்று வெளியேறலாம்.

வெளியே புதுத்தீ மூட்டி, பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றி, இருட்டான கோயிலுக்குள் கொண்டு வந்தார்கள். அதிலிருந்து ஒவ்வொருவர் மெழுகுதிரிக்கும் ஒளி பரவியது. இங்கே கவனம் தேவை. தளர்ந்த பின்னல், துப்பட்டா, முன்னால் நிற்பவரின் முந்தானை எல்லாம் தீக்குப் பக்கத்தில் இருக்கும். பெரிய பிள்ளைகளின் திரிகளைக் காகிதக் கப்பில் ஓட்டை போட்டுச் செருகிக் கொடுத்தோம், மெழுகு கையில் வடியாது. ஐந்து வயதுக்குக் கீழே கையில் மெழுகுதிரியே வேண்டாம்.

படைப்பிலிருந்து செங்கடல் வரை பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பொடியன் அசையவில்லை. பிறகு வானவர் கீதம். வியாழன் இரவிலிருந்து கோயிலில் மணி ஒலிக்கவில்லை, அதுவரை மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். கீதம் தொடங்கியதும் எல்லா விளக்கும் ஒன்றாக எரிய, திரை விலகி உயிர்த்த ஆண்டவர் சுரூபம் தெரிய, பீடச் சிறுவர்கள் கைமணிகளைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்கள். பாயிலிருந்து ஒரு தலை எழுந்தது. முடி கலைந்து, ஒரு கண் மட்டும் திறந்து, உச்சக் குரலில்:

"ஐஸு வண்டி!"

எங்கள் தெருவில் ஐஸ்காரர் அப்படித்தான் மணியடிப்பார். எழுந்து ஓடப் பார்த்தவனைத் தோழியின் மகள் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். காதோடு அவள் சொன்னது எனக்கும் கேட்டது. "ஐஸ் இல்லடா. சாமி எந்திரிச்சிருச்சு."

எங்கள் நம்பிக்கையின் மையத்தை, அதில் பிறக்காத ஒரு பிள்ளை, அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டாள். நான் பல நாளாக எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பெரிய வெள்ளியன்று அடிபட்டவரைப் பார்த்திருக்கிறான், காலையில் தூங்கும் சாமியைப் பார்த்திருக்கிறான், இப்போது மணி அடிக்கிறது. அவன் கணக்கில் எல்லாம் ஒரே சாமி. வளர்ந்த பிறகு வித்தியாசங்களைச் சொல்லிக் கொடுப்பேன், அது என் கடமை. அன்று இரவு அவன் கண் இரண்டையும் திறந்து, விளக்குகளைப் பார்த்து, "எந்திச்சுச்சா?" என்று கேட்டபோது, "ஆமாண்டா தங்கம், எந்திரிச்சிட்டாரு" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு காலை அந்தச் செய்தியை அவன் எல்லோருக்கும் சொன்னான். பால் கொண்டு வந்தவருக்கு, டீக்கடைக்காரருக்கு, மதில்மேல் இருந்த பூனைக்கு. டீக்கடைக்காரர் "எந்தச் சாமிங்க?" என்று கேட்க, "பெரிய சாமி" என்று பதில் வந்தது.

விரதம் முடிந்த வீடு, பிரியாணி வெந்தது. இரண்டு குடும்பமும் சேர்ந்து சமைத்தோம், அதைப் பற்றி விரிக்க ஒன்றுமில்லை, நன்றாக இருந்தது. பணக் கணக்கு மட்டும் சொல்கிறேன், பல நட்புகள் இங்கேதான் கசக்கின்றன. கிளம்பும் முன் இரு வீட்டிலும் ஒரே தொகையை ஒரு பர்ஸில் போட்டு, தோழியின் கணவரிடம் கொடுத்துவிட்டோம். வாடகை, மளிகை, டீ எல்லாம் அதிலிருந்து. காணிக்கையும் அர்ச்சனைத் தட்டும் மட்டும் அவரவர் பையிலிருந்து. மிஞ்சியதை வீட்டைப் பார்த்துக்கொண்ட அம்மாவிடம் கொடுத்தோம்.

இறங்கும்போது குப்பனூர் வழியாக வந்தோம். ஞாயிறு மாலை பிரதான பாதையில் நெரிசல் அதிகம். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பினால் பாதியிலேயே கருகும் வாடை வரும். எதிரே ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டியது இறங்குகிறவர் பொறுப்பு.

சேலத்தில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துத்தான் அவர்களை அனுப்பினோம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு எங்களை அழைத்திருக்கிறார்கள், தோழியின் அம்மா வீட்டில் சாப்பாடு. அந்தக் கூட்டத்துக்குள் பொடியனை எந்த நேரத்தில் கூட்டிப் போவது என்று இப்போதே பேச்சு நடக்கிறது. விடியற்காலை ஆறு மணிக்கே போய்விடலாம் என்கிறாள் அவள். அவன் மதியம் தூங்கி எழட்டும் என்கிறேன் நான். அத்தை, வீட்டில் இருந்து எல்லோருக்கும் கேழ்வரகுக் கூழ் காய்ச்சித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.